பனித்தளத்துக்கு முதுகு

எங்கள் ஊர் சிறுவர் பனி ஹாக்கிக் கழகத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாரும் தொண்டர்கள். சம்பளம் வாங்குகிற ஆளிடம் ஒரு கேள்வி கேட்கலாம், நாலு வார்த்தை திட்டலாம், மேலே சொல்லிவிடுவேன் என்று மிரட்டலாம். சும்மா வேலை செய்கிறவரை என்ன செய்ய முடியும்? அவர் தியாகி. தியாகியிடம் வாயைத் திறந்தால் பாவம் நமக்குத்தான். எங்கள் ஊரான ப்ரென்ஸ்லோவில் அப்படிப் பாவத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருவன். கழகத்தில் என் பொறுப்பு, கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுப்பது.

டேரல் பாபியாக் எங்களிடம் வந்து சேர்ந்தது போன செப்டம்பரில். பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை. அதிகம் பேசாத மனிதர். மனைவி பிரிந்துபோய் விக்டோரியாவில், கடலோரத்தில் இருக்கிறார். மகள் டெஸ்ஸா அம்மாவோடுதான் வளர்கிறாள். அம்மாவுக்கு ஏதோ பயிற்சி வந்ததால் இந்த ஒரு குளிர்காலம் மட்டும் அப்பாவிடம் அனுப்பிவைத்தார்கள். பனி உருகியதும் திரும்பிப் போய்விடுவாள்.

டெஸ்ஸாவுக்குப் பன்னிரண்டு வயது. கோல்கீப்பர். எல்லாக் குழந்தைக்கும் வட்டை அடிக்கத்தான் ஆசை. கல் மாதிரி இருக்கும் அந்த ரப்பர் வட்டு தன் மேலேயே வந்து விழட்டும் என்று ஆசைப்படுகிற குழந்தை அபூர்வம். அவள் தடுத்த கதைகளை எல்லாம் டேரல் வருஷக்கணக்காகத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டே பழகியவர். இந்தக் குளிர்காலத்தில் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, சனி ஞாயிறு பகலில் ஓய்வு கிடைக்கும்படி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

சேர்க்கை நாளன்று மேசையில் உட்கார்ந்திருந்தது க்ளென் ஸ்டூவ், தொண்டர் ஒருங்கிணைப்பாளர். எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றோர் தொண்டர்களுக்கான பளபளக்கும் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான் பிள்ளையின் கையில் ஜெர்சியைக் கொடுப்பார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள், அப்பா சட்டைக்குள் கையை விடுகிறாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டே நிற்கும். ஊரில் இதைவிடப் பெரிய சடங்கு கல்யாணம் ஒன்றுதான்.

"என் பொண்ணு கோல்கீப்பர்," என்றார் டேரல்.

"அது இருக்கட்டும். நீங்க என்ன செய்வீங்க?"

"நான் பார்ப்பேன்."

க்ளென் பேனாவைக் கீழே வைத்தார். "பார்க்கறதுன்னு நம்ம கழகத்துல ஒரு பொறுப்பு இல்லையே, டேரல்."

டேரல் மகளைப் பார்த்தார். பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

முதல் பொறுப்பு வண்டி நிறுத்துமிடத்தில். எங்கள் ஊர்க் குளிரில் எஞ்சினைச் சும்மா விட்டால் உறைந்துபோகும் என்று எல்லாரும் வண்டியின் சூடேற்றி வயரைக் கம்பத்து மின்சாரத்தில் செருகிவைப்போம். ஆட்டம் முடியும்வரை அந்தச் செருகிகள் எல்லாம் செருகியபடியே இருக்கின்றனவா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். இதுவரை யாராவது பிடுங்கியிருக்கிறார்களா என்று டேரல் விசாரித்திருக்கிறார். இல்லை, அதற்குக் காரணமே இந்தப் பொறுப்பு இருப்பதுதான் என்று க்ளென் பதில் சொன்னாராம். மூக்கு நுனியில் உணர்ச்சி போகும்வரை டேரல் வண்டிகளைச் சுற்றினார். அரங்குக்குள்ளிருந்து ஆரவாரம் வரும்போதெல்லாம் நின்று, அது நம் பக்கத்து ஆரவாரமா, அவர்கள் பக்கத்து ஆரவாரமா என்று காதைத் தீட்டினார்.

டெஸ்ஸா ஈரத் தலையோடு வெளியே வந்தாள். "பார்த்தீங்களாப்பா?"

"இல்லம்மா. வண்டியெல்லாம் பார்த்தேன்."

"பரவாயில்லப்பா. அடுத்த ஆட்டம்."

அடுத்த ஆட்டங்களுக்கு அவரை உடைமாற்றும் அறைக்குள் வைத்தார்கள். அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், குழந்தைகள் விஷயம். ஆனால் குழந்தைகள் பனித்தளத்துக்குப் போன பிறகும் அந்த இருவரும் எழுந்திருக்கக் கூடாது என்றது கழகம். பைகள் இருக்கின்றனவாம். டேரலும் இன்னொரு அப்பாவும் வேர்வை நாறும் பைகளுக்கு நடுவே எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். இருவரும் இருக்கிறார்களா என்று கதவைத் திறந்து பார்க்க மூன்றாவதாக ஒருவர். அவர் வந்து பார்த்தாரா என்று கேட்க நாலாவதாக ஒரு அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம்தான் டெஸ்ஸாவின் கோல். வட்டு பலகையில் மோதும் சத்தம் டேரலின் முதுகெலும்பில் கேட்கும். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வார் என்று அந்த இன்னொரு அப்பா என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு தாத்தா நடுவரைப் பார்த்து, "கண்ணு தெரியலன்னா வீட்டுக்குப் போய்யா," என்று கத்திவிட்டார். எங்கள் ஊரில் இது மரியாதையான வாக்கியம். ஆனால் கழகம் அவசரப் பொதுக்கூட்டம் போட்டது. தலைவி வெர்னா ஃப்ரீசன் மேடையில் ஏறினார். வெர்னா நல்ல பெண்மணி. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர். அவரை மைக் முன்னால் மட்டும் நிறுத்தக் கூடாது.

"நண்பர்களே, நான் ராத்திரி பகலா யோசிச்சேன்," என்றார். "யார் கத்தறாங்க? ஆட்டத்தைப் பார்க்கறவங்கதான் கத்தறாங்க. பார்க்காதவன் கத்த மாட்டான். உருளைக்கிழங்கு வறுக்கறவர் என்னைக்காவது நடுவரைத் திட்டியிருக்காரா?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பெருமைப்படுவதா, வேண்டாமா என்று தெரியாமல் தலையாட்டி வைத்தேன். அந்தத் தலையாட்டல் தீர்மானமாகிவிட்டது.

தீர்மானத்தில் இரண்டு அம்சம். ஒன்று, பார்வையாளர் நடத்தைக் காவலர் என்று ஒரு புதிய பதவி. காவலர் கண்ணாடித் தடுப்பை ஒட்டி, பனித்தளத்துக்கு முதுகைக் காட்டி, இருக்கைகளைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை திரும்பக் கூடாது. திரும்பினால் அவரும் பார்வையாளர் ஆகிவிடுவார், அப்புறம் அவரைக் கண்காணிப்பது யார்? இரண்டாவது அம்சம், பார்வையாளராக யார் மீதி இருந்தாலும் சீக்கிரம் ஒரு பொறுப்பைக் கொடுத்துக் காப்பாற்றிவிட வேண்டும்.

அந்தப் பதவிக்கு டேரலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பொறுமைசாலி என்று பெயர் எடுத்திருந்தார். அரங்குக்குள்ளேயே நிற்கப் போகிறோம் என்பதில் பாவம் அவருக்கு சந்தோஷம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்திருப்பார். முதல் ஆட்டத்தன்று நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினார்கள். டெஸ்ஸாவின் கோலுக்கு மிக அருகில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கையைப் பின்னால் நீட்டினால் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் மகள். அவர் பார்க்க வேண்டியது எதிரே பாப்கார்ன் தின்னும் சித்தப்பாக்களை.

டிசம்பர் முழுக்க அவர் அப்படி நின்றார். இடைவேளையில் என் கேன்டீனுக்கு வருவார். அவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தார். யாராவது வாயைப் பொத்தினால் மகளுக்கு ஆபத்து, வாயைப் பொத்திய கையை எடுத்தால் மகள் தடுத்துவிட்டாள். "இன்னைக்கு நாலைஞ்சு தடவை கையை எடுத்தாங்க," என்பார். நான் வறுவல் மேல் கிரேவியை இரண்டு கரண்டி கூடவே ஊற்றிக் கொடுப்பேன். வேறு என்ன செய்ய?

பிறகு அந்த முகங்களும் குறைய ஆரம்பித்தன. இரண்டாவது அம்சம் வேகமாக வேலை செய்தது. சித்தப்பாக்களுக்குப் படிக்கட்டில் உப்புத் தூவும் பொறுப்பு. கத்திய தாத்தாவுக்கு, காப்பி சூடாக இருக்கிறது என்று காப்பி வாங்குகிறவர்களிடம் எச்சரிக்கும் பொறுப்பு. கோல் விழுந்தால் சிவப்பு விளக்கு போடும் கோல் கண்காணிப்பாளருக்கு, அவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர். ஜனவரியில் வெர்னா அறிக்கை வாசித்தார்: பார்வையாளர்களைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை. கைதட்டினார்கள். பார்வையாளர்களே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

டேரல் ஒரே ஒரு ஆட்டத்துக்கு விடுப்பு கேட்டார். என் முன்னால்தான் கேட்டார். பனி உருகினால் பெண் போய்விடுவாள், அங்கே அவள் இத்தனை நாள் ஆடிவந்த பனி அரங்கை மூடிவிட்டார்கள், அதனால் அவள் ஆட்டத்தையே விடவேண்டி வரலாம், ஒரு தடவை அவள் தடுப்பதைப் பார்த்தால் போதும் என்று, அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். வெர்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது.

"டேரல், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா நீங்க கேக்கறது உங்க பொண்ணைப் பார்க்க. இங்க நாம எல்லாரும் நிக்கறது எல்லாப் பிள்ளைங்களுக்காகவும். ஒரு பிள்ளையைப் பார்க்க ஆரம்பிச்சா மத்தப் பிள்ளைங்களை யார் பார்ப்பா?"

மற்றப் பிள்ளைகளையும் யாரும் பார்க்கவில்லையே என்று டேரல் மெதுவாகச் சொன்னார். அதுதான் சமத்துவம் என்றார் வெர்னா. வேண்டுமானால் விடுப்புக் குழுவில் சேர்ந்து மனு போடலாம், குழு கூடுவது ஆட்டம் நடக்கும் நேரத்தில்தான் என்றார் க்ளென். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். எங்கள் கழகத்தில் சாமியே தொண்டராகச் சேர்ந்து பூசாரிக்குக் கீழே வேலை பார்க்கிறது.

கடைசி ஆட்டம் மார்ச் மாதம், பக்கத்து ஊர் எல்க்வுட்டோடு. வெற்றி பெறுகிறவர்களுக்குக் கோப்பை. எல்க்வுட் பெற்றோர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். வந்தவர்களை வாசலிலேயே க்ளென் ஆரஞ்சுச் சட்டைகளோடு வரவேற்றார். விருந்தினர் தொண்டு என்று புதிதாக ஒரு திட்டம். மறுத்தால் உங்கள் பிள்ளை ஆட முடியாது என்றதும் அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியபோது இருக்கைகளில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறை மட்டும் கிடந்தது. டேரல் அதைக் கண்காணித்தார்.

என் கேன்டீன் கண்ணாடியில் எப்போதும் ஆவி படிந்திருக்கும். அன்று மனசு கேட்காமல் ஒரு மூலையை ஏப்ரனால் துடைத்தேன். அந்த மூலையில் தெரிந்தது டேரலின் முகம்தான். ஆட்டம் முடியும் நேரம், இரண்டு பக்கமும் சமம். எதிரே படிப்பதற்கு ஒரு முகமும் இல்லாமல் அவர் சத்தத்தை வைத்தே தவித்துக்கொண்டிருந்தார். ஸ்கேட்டுகள் உரசும் சத்தம் கூட்டமாக அவர் முதுகை நோக்கி வந்தது. இடி மாதிரி ஒரு மோதல். அதற்குள்ளே டெஸ்ஸாவின் குரல், வலியில் வருகிற குரல்.

டேரல் திரும்பினார்.

யோசித்துத் திரும்பவில்லை. நீங்கள் அப்பாவாக இருந்தால் உங்களுக்குத் தெரியும், அதில் யோசிப்பதற்கு இடமே கிடையாது. கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. விசில் கேட்டது.

நான் வெளியே வந்தபோது பனியில் பிள்ளைகள் குவியலாகக் கிடந்தார்கள். டெஸ்ஸா அடியில். நல்லவேளை, அடி ஒன்றும் பெரிதில்லை, எழுந்து நின்றாள். எல்க்வுட் பிள்ளைகள் மட்டைகளைத் தூக்கிக் கோல் கோல் என்று குதித்தார்கள். நடுவருக்குக் குவியலின் முதுகுதான் தெரிந்திருந்தது. அவர் கோல் கண்காணிப்பாளரிடம் போனார். அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் குறுக்கே நின்று, விழித்திருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். பயிற்சியாளர்கள் இருவரும் அவரவர் பக்கத்துக்குச் சத்தியம் செய்தார்கள். கடைசியில் மாடியில் கூட்டத்தில் இருந்த வெர்னாவை அழைத்து வந்தார்கள். நடுவர் பாவம், பள்ளிக்கூடம் போகிற பையன், எனக்குத் தெரியவில்லை மேடம், நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டான். விசாரணைக் குழு என் கேன்டீன் மேடையைச் சுற்றிக் கூடியது.

யார் பார்த்தீர்கள் என்று வெர்னா கேட்டார். உப்புத் தூவுகிறவர் பார்க்கவில்லை. காப்பித் தாத்தா பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எல்க்வுட் பெற்றோரில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் இடத்தைவிட்டு அசையவில்லை என்று சொல்லச் சொல்ல வெர்னாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. இப்படி ஒரு ஒழுங்கு மாகாணத்திலேயே கிடையாது என்றார்.

"நான் தடுத்துட்டேன்," என்றாள் டெஸ்ஸா. மூச்சு வாங்கியது. "வட்டு கோட்டைத் தாண்டல."

ஆடுகிறவர்கள் சொல்வது கணக்கில் வராது என்றார் க்ளென், அன்பாகத்தான். டெஸ்ஸா அப்பாவைப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. அவளுக்கும் விதி தெரியும். பொறுப்பைவிட்டுத் திரும்பியவரின் பிள்ளை அந்த நிமிஷமே ஜெர்சியைக் கழற்ற வேண்டும். நான் டேரலின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வாயை மூடிக்கிட்டு இருய்யா. ஒரு கோல்தானே, போனாப் போகுது," என்று காதில் சொன்னேன். அவர் என் கையை எடுத்துவிட்டார்.

"நான் பார்த்தேன். அவ தடுத்துட்டா."

காப்பித் தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். வெர்னா டெஸ்ஸாவின் தோளில் கையை வைத்தார். பிறகு, சாவு வீட்டில் பேசுகிற அதே கனிவோடு தீர்ப்பைச் சொன்னார்.

"பார்வையாளர் காவலருக்கு ஆட்டத்தைப் பார்க்க அதிகாரம் கிடையாது. அதிகாரம் இல்லாம பார்த்தது பார்த்ததாகாது. அதனால யாரும் பார்க்கல. எல்க்வுட் பசங்க கையைத் தூக்கினாங்க, கோல் கோல்தான். அடுத்தது, காவலர் பனித்தளத்தைத் திரும்பிப் பார்த்ததை அவரே ஒத்துக்கிட்டார். டெஸ்ஸா, கண்ணு, ஜெர்சியைக் கழட்டிடும்மா."

"அப்ப நான் பார்த்தேனா, பார்க்கலையா?" என்றார் டேரல்.

"ரெண்டுக்கும் வேற வேற குழு, டேரல்."

வெர்னா கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இரண்டு குழுக்கள்தான். இரண்டுக்கும் அவரே தலைவி.

டெஸ்ஸா ஜெர்சியைக் கழற்றி மேடையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நீங்க என் ஆட்டத்தை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?" என்று வெர்னாவைக் கேட்டாள்.

"உன் ஆட்டமா? கண்ணு, நான் இந்தக் கழகத்துக்கு வந்த நாள்லேருந்து ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்ல. என் சொந்தப் பையன் இங்கதான் ஆடி வளர்ந்தான். அவன் இடது பக்கம் ஆடுவானா வலது பக்கமான்னுகூட எனக்குத் தெரியாது. அந்த அளவுக்கு உழைச்சிருக்கேன்."

க்ளென் கைதட்டினார். பச்சைச் சட்டைகளும் ஆரஞ்சுச் சட்டைகளும் சேர்ந்து தட்டின. வெர்னா சிரித்தபடி நின்றார். தட்டல் ஓய்ந்த பிறகும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டு மாடி ஏறினார். எங்களிடம் வேறு கோல்கீப்பர் கிடையாது. வலை வெறுமனே இருந்தது.

அடுப்பை அணைத்தேன். இத்தனை வருஷத்தில் ஆட்டம் முடியுமுன் நான் அடுப்பை அணைத்தது அன்றுதான். இரண்டு பொட்டலம் வறுவலை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டேரல் வண்டியின் செருகியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். டெஸ்ஸா ஈரத் தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள்.

"நிஜமாவே பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

டேரல் வயரை அப்படியே விட்டார். பனியில் ஒரு முழங்காலை ஊன்றினார், இன்னொரு காலைப் பக்கவாட்டில் நீட்டினார். சுரங்கத்தில் உழைத்த உடம்பு, சட்டென்று வளையவில்லை. "உன் கால் கம்பத்தோட இப்படி ஒட்டியிருந்தது. வட்டு இங்க. கோட்டுக்கு ஒரு விரல் முன்னால. உன்மேல ரெண்டு பேர் விழுந்து கிடக்கறாங்க, அப்பவும் கையைக் கொண்டுவந்து இப்படி மூடினே."

"ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க. அவன் எங்கேர்ந்து அடிச்சான்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் திரும்பறப்ப நீ ஏற்கனவே விழுந்திருந்தே."

அவள் என்னிடம் கை நீட்டினாள். பொட்டலத்திலிருந்து ஒரு வறுவலை எடுத்து அப்பா வாயில் வைத்தாள்.

"சரி. அப்ப விழுந்ததுலேருந்து சொல்லுங்க. மெதுவா."

அவர் மறுபடி முழங்காலை ஊன்றினார். அந்தக் குளிர்காலம் முழுவதற்கும் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அவசரப்படாமல் சொன்னார். கையை எங்கே வைத்தாள், முகமூடி எப்படிச் சாய்ந்திருந்தது, வட்டின் எந்த ஓரம் கையுறைக்கு வெளியே தெரிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதியில் அரங்குக்குள்ளே மணி அடித்தது. வெறும் வலையில் யாரோ கோல் போட்டிருக்க வேண்டும். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.